துளசியில் விழுந்த புள்ளி

துளசி இலையைக் கிள்ளாமல், செடியோடு பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள் லோஷினி.

மேல்பக்கம் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். நரம்புகள் மட்டும் பச்சை. கீழ்ப்பக்கம் சுத்தமாக இருந்தது.

சிம்பாங் ரெங்கத்தில் அண்ணன் வீடு. தொட்டிலில் குழந்தை இருமிக்கொண்டே இருந்தது. பேர் வைத்த விசேஷத்திலிருந்து இதே பாடு; மருந்துக்கும் கேட்கவில்லை. இப்போது சன்னலோரத் துளசியும் கருகுகிறது. அண்ணி பிரவீனாவுக்கு இனி சந்தேகமே இல்லை.

"கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்க. அன்னிக்கு யார் யாரோ வந்தாங்க."

யார் யாரோ என்றால் யார் என்று லோஷினிக்குத் தெரியும். கல்யாணமாகி இத்தனை வருடமாகியும் பிள்ளை இல்லாதவள் அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திதான். குழந்தையை மடியை விட்டு இறக்காமல் வைத்திருந்தவளும் அவள்தான். சுருக்கென்றது.

கண் இல்லை அண்ணி, ஓசோன் என்கிற நச்சு வாயு என்றாள். ஜோகூர் பாரு ஆய்வுக்கூடத்தில் அவள் பார்ப்பதே இந்த வேலைதான். இலையில் பொடிப்பொடியாக வாய்கள் இருக்கின்றன. அவற்றின் வழியே ஓசோன் புகுந்ததும், முதலில் அடிபட்ட செல்கள் மற்ற செல்களுக்குச் சேதி அனுப்பும். வாய்கள் மூடிக்கொள்ளும். சில செல்கள் தாமாகவே செத்துப்போகும். அந்தச் சாவுதான் இந்தப் புள்ளி.

சொல்லச் சொல்ல அவளுக்குக் குரலில் தெம்பு வந்தது. பழி கழிகிறதே.

அண்ணி தொட்டில் ஆட்டுவதை நிறுத்தினாள்.

"இலை வாய மூடிக்கும். பிள்ள எப்படிமா மூடும்?"

வீட்டுக்குள் ஓசோன் எங்கிருந்து வருகிறது என்று லோஷினி அப்போதுதான் கேட்டாள்.

குழந்தையைக் குளிப்பாட்டியதும் சாம்பிராணி போடுவார்களாம். அண்ணனுக்குப் புகை வாடை ஆகாதாம். அதனால் வாடை போக்கும் மெஷின் ஓடுமாம். இருமல் கூடவும், கண்ணேறு கழியட்டும் என்று அண்ணி சாம்பிராணியைக் கூட்டினாளாம். வாடை கூடவும், அண்ணன் மெஷினை நிறுத்துவதையே விட்டுவிட்டானாம்.

தொட்டிலுக்குப் பின்னால் 'ம்ம்' என்று ஏதோ ஓடிக்கொண்டிருப்பது இப்போதுதான் காதில் விழுந்தது. வாடையைப் போக்க அந்த மெஷின் கக்குவதே ஓசோன்தான். லோஷினி ஓடிப்போய்ச் சன்னல்களைத் திறந்தாள். அண்ணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

லோஷினி தொட்டில் சேலையை விலக்கிக் குனிந்து சுவிட்சை அணைத்தாள். அணைத்த கை அங்கேயே நின்றுவிட்டது.

மெஷினின் கைப்பிடியில் மஞ்சள் ரிப்பன் இன்னும் அவிழ்க்கப்படாமல் இருந்தது. விசேஷத்தன்று, அட்டைப்பெட்டியைப் படித்துக்கூடப் பார்க்காமல், மருமகனுக்கென்று அவளே வாங்கிவந்து ஆசையாகக் கட்டிய முடிச்சு.