எதிர் வீட்டு ஜூஸ்

சேக்காடு கிளினிக் வராந்தாவே அதிரும்படி ஸ்ரீகாந்த் கத்தினான்.

"என் பொண்ணுக்கு கிர்ணிப்பழம் ஆகாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? ஜூஸ் போட்டுக் குடுத்துட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கிறீங்களே."

"நான் குடுத்தது எலுமிச்சை ஜூஸ் சார்," என்றாள் எதிர் வீட்டு சபீனா.

"பொய் சொல்லாதீங்க. அவ உதடு வீங்கிக் கிடக்கு."

டாக்டர் வெளியே வந்தார். "குழந்தைக்கு இப்ப பரவாயில்லை. வேற என்ன சாப்பிட்டா?"

"ஸ்கூல் விட்டு வந்ததும் நான்தான் வெள்ளரிப்பழம் வெட்டிக் குடுத்தேன். அது பழுத்த வெள்ளரிக்காய்தானே டாக்டர்?" என்றான் ஸ்ரீகாந்த்.

"இல்லை. வெள்ளரிக்காய் வேற இனம். வெள்ளரிப்பழமும் கிர்ணியும்தான் ஒரே இனம்."

ஸ்ரீகாந்த் சுவரைப் பார்த்தான்.

சபீனா அவன் முன்னால் வந்து நின்றாள்.

"இன்னா சார், சத்தத்தையே காணோம்? இப்போ உன்னையே திட்டு. அதே சத்தத்துல, எல்லார் காதுலயும் வுழற மாதிரி."