எட்டைத் தள்ளிவைத்தவர்

"சாவியைக் கேட்டு இன்னொரு தடவை வாயைத் திறந்தே, நடக்கிறதே வேற!"

லேத் பட்டறை முதலாளி போட்ட சத்தத்தில் வெல்டர் முகமூடியைத் தூக்கிவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.

மகள் அசையவில்லை. "நடக்கட்டும்ப்பா. பக்கத்துத் தெரு பட்டறையில என்னைப் பொறுப்பெடுத்துக்கக் கூப்பிடறாங்க. சாயங்காலம் பதில் சொல்லணும். இந்தப் பட்டறைச் சாவி என் கைக்கு வந்தா இங்கேயே இருப்பேன். இல்லேன்னா நாளையிலிருந்து அங்கே."

"மிரட்டிப் பாக்கறியா?"

"விஷயத்தைச் சொல்றேன்."

முதலாளிக்குத் தெரியும், அவள் போனால் பட்டறை படுத்துவிடும். எல்லாம் அந்த எட்டால் வந்த வினை.

எட்டாம் நம்பர் கடையில் கூட்டாளி ஏமாற்றிவிட்டு ஓடிய நாளிலிருந்து அவர் எட்டையே தள்ளிவைத்துவிட்டார். ஏழுக்கு அடுத்தது ஒன்பது. பதினேழுக்கு அடுத்தது பத்தொன்பது. தன் வயதைக்கூடப் பிறந்ததிலிருந்து எட்டை விட்டுவிட்டு மறுபடி எண்ணிக்கொண்டார். பத்து நட்டு என்று அவர் எண்ணிக் கட்டினால் பைக்குள் ஒன்பதுதான் இருக்கும். வெளியே போகிற சரக்கையெல்லாம் மகள்தான் பிரித்து, மறுபடி எண்ணி அனுப்புவாள்.

"நீ இல்லேன்னா எனக்கு எண்ணத் தெரியாதா?"

"ஏன் தெரியாது? ஒன்பதைப் பத்துன்னு நல்லாவே எண்ணுவீங்க."

வெல்டர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"எவனோ படிச்சவன் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரைக்கும் பத்து இலக்கத்தை வெச்சு எண்ணினான்னா நானும் எண்ணணுமா? எனக்கு ஒன்பது இலக்கம் போதும். என் பட்டறை, என் கணக்கு! ஊரே திரண்டு வந்தாலும் மாத்த மாட்டேன்."

"மாத்தவே வேணாம்ப்பா. சாவியை எப்பத்தான் தருவீங்க?"

"தொண்ணூறு வயசுல! அதுவரைக்கும் எமனே வந்து கேட்டாலும் கிடையாது."

"தொண்ணூறு ஆனா தந்துடுவீங்களா?"

"ஆன அன்னைக்கே தரேன். ஏம்ப்பா வெல்டரு, நீதான் சாட்சி. நான் சொன்ன சொல் மாறாதவன்."

"யார் கணக்குல தொண்ணூறு?"

"இது என்ன கேள்வி? என் கணக்குலதான்!"

"கேட்டுக்கிட்டீங்களா அண்ணே?" என்றாள் மகள்.

"காது குளிரக் கேட்டேம்மா," என்றார் வெல்டர்.

"நேத்து உங்களுக்கு என்ன வயசுப்பா?"

"எழுபத்தொன்பது. அதுக்கென்ன இப்போ?"

"இன்னைக்கு உங்க பிறந்த நாள்."

"இருந்துட்டுப் போகட்டும். இன்னைக்கு எனக்கு எண்..."

வாய் அங்கேயே நின்றுவிட்டது. அடுத்து வரும் பத்து வயதுமே எட்டில்தான் ஆரம்பிக்கின்றன. அதில் ஒன்றுகூட அவர் கணக்கில் கிடையாது.

மகள் காத்திருந்தாள். வெல்டரும் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தார்.

இத்தனை வருஷம் சொல்லாததை இவர்களுக்குப் பயந்து இப்போது சொல்வதா? முதலாளி நெஞ்சை நிமிர்த்தினார்.

"தொண்ணூறுடி!" என்று கூரைத் தகரம் அதிரக் கத்திவிட்டு, இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து அவள் கையில் வைத்தார்.