டயருக்கு ஒரு எலுமிச்சை

பூசை முடிந்து சந்தனம்கூடக் காயாத புதுக்கார் ஒன்று வாசலில் நின்றது. முன் டயர்கள் இரண்டுக்கும் அடியில் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். இடது பழம் நடுங்கிக்கொண்டிருந்தது. வலது பழத்துக்கோ, கால் இருந்தால் குதித்திருக்கும், அவ்வளவு குஷி.

"இன்னிக்கு நம்ம நாள்டா! நாம நசுங்கினாத்தான் வண்டி கிளம்பும்!"

"எனக்கு வேணாம்ப்பா," என்றது இடது பழம்.

மரகதவல்லி முதன்முதலாக ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பக்கத்தில் அவள் தங்கை. கார் உறுமியது. வலது பழம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. கார் ஒரு குலுக்கு குலுக்கி அணைந்தது. மறுபடி உறுமியது, மறுபடி அணைந்தது. அப்புறம் விருட்டென்று கிளம்பியது, பின்பக்கமாக!

"ஏய், நான் இங்க இருக்கேன்!" என்று அலறியது வலது பழம்.

"அக்கா, அது ரிவர்ஸ்!" என்று அலறினாள் தங்கை.

மரகதவல்லி இன்ஜினை அணைத்தாள். "எனக்கு இதெல்லாம் வராதுடி," என்று இறங்கி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

தங்கை அந்த வலது பழத்தை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். கழுவி, அறுத்து, பிழிந்து, உப்பும் சர்க்கரையும் போட்டு ஒரு டம்ளர் ஜூஸ் கொண்டுவந்தாள். பிழிந்த மூடியை வாசலோரம் வீசினாள்.

மரகதவல்லி ஒரே மடக்கில் குடித்தாள். வாயைத் துடைத்தாள். "ஏறுடி வண்டியில," என்றாள்.

இந்தத் தடவை கார் முன்னால் போனது. இடது பழத்தின் மேல் ஏறி இறங்கி, ஹாரன் அடித்துக்கொண்டே தெருமுனையில் திரும்பியது.

"பார்த்தியா! நான் நசுங்கினதாலதான் கிளம்புச்சு!" என்று கூவியது மூடி.

"நீயா?" என்றது தரையோடு தரையாகிவிட்ட இடது பழம். "நான்டா!"