உப்பில்லாப் பத்தியம்

உச்சி வெயில் ஓட்டு இடுக்கு வழியாக அடுக்களைக்குள் விழுகிறது. சுடலைவடிவு கணவனின் இலையில் ஆவி பறக்கும் சோற்றை வைத்து, பாசிப்பருப்பை ஊற்றி, நெய்யை எடுக்கிறாள். பிள்ளை உண்டாக இருவருமே ஒரு மண்டலம் உப்பும் புளியும் மீனும் தொடக்கூடாது என்று வைத்தியர் மருந்து கொடுத்திருக்கிறார். இதுவும் பலிக்காவிட்டால் மகனுக்கு வேறு பெண் பார்ப்பதாக மாமியார் சொல்லிவிட்டாள். முதல் கவளத்துக்கு முன்பே பிச்சைக்கண்ணு ஏப்பம் விடுகிறான். குனிந்திருக்கும் அவள் முகத்தில் அயிரைமீன் குழம்பின் வாடை புளிப்போடு வந்து மோதுகிறது. நெய்க்கரண்டி அந்தரத்தில் நிற்கிறது.

"எங்கன சாப்ட்டிய?" என்று மெல்லக் கேட்கிறாள்.

"சத்தம் போடாதட்டி. அக்கா ஒரு வாய் குடுத்தா. ஆம்பளைக்கு என்ன பத்தியம்?" அவன் அவளைப் பார்க்காமலே சோற்றைப் பிசைகிறான்.

முற்றத்திலிருந்து மாமியார் குரல் வருகிறது. "ஏலே, ரெண்டு பேரும் பத்தியம் தவறாம இருக்கியளா?"

"நான் இருக்கேம்மா. ஒம் மருமவளக் கேளு" என்கிறான் அவன்.

வடிவின் நாக்கு, இத்தனை நாள் உப்பில்லாமல் தின்று மரத்துப்போன நாக்கு, புரள மறுக்கிறது. "நான் உப்பத் தொடவே இல்ல, அத்தை" என்கிறாள். களவில் பிடிபட்டவளின் குரலாக அது அவளுக்கே கேட்கிறது.