கூடத்தில் பிணம் இல்லை

அவள் தனியாளாக உருவாக்கிய கொலை மர்மக் கணினி விளையாட்டு மறுநாள் வெளியாக இருந்தது. கூடத்தில் கிடக்கும் பிணத்தை, அப்பாவைப் படுக்க வைத்துத்தான் வரைந்திருந்தாள். "உயிரோட இருக்கும்போதே என்னைக் கிடத்திட்டியேம்மா" என்று சிரித்தபடியே படுத்திருந்தார் அவர்.

காலையில் கடைசியாக ஒருமுறை ஆடிப் பார்த்தாள். கூடத்தில் பிணத்தைக் காணோம். பிணத்தைக் கிளிக் செய்தால்தான் கதையே நகரும். ஒவ்வோர் அறையாகத் தேடினாள். கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குள்ளும் கிளிக் செய்து பார்த்தாள். திரையில் இருந்த வீட்டின் வாசல் கதவு மட்டும் திறந்து கிடந்தது.

சமையலறையில் அப்பா டீ கலக்கும் சத்தம் கேட்டது.

"எனக்கு வேணாம்ப்பா" என்று குரல் கொடுத்தாள்.

"உனக்கில்லம்மா, இவருக்கு" என்றார் அப்பா. "தரையிலேயே கிடந்து இடுப்பு பிடிச்சுக்கிச்சாம்."