இடதுபக்கக் கதவு

ஏரல் வாழைக்காய் வியாபாரி ஆறுமுகநயினாரின் பழைய பிக்கப் வேனில், இடதுபக்கக் கதவின் உள்பலகை ஓயாமல் கடகடத்தது. மனைவி வடிவம்மாள் உயிரோடு இருந்தவரை அதில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருப்பாள், சத்தம் வராது. இப்போது அதைக் கேட்டுக்கொண்டு அவரால் வண்டி ஓட்ட முடியவில்லை.

தூத்துக்குடியில் மெக்கானிக் சங்கரபாண்டியன் பலகையைக் கழற்றி, உள்ளே சைக்கிள் டியூப் துண்டுகளை வைத்துத் திருகினான். “இனிமே ஆடாது அண்ணாச்சி. கண்ணாடி ஏத்துத கைப்பிடி முறிஞ்சிட்டு, கழட்டிட்டேன். புதுசு அடுத்த வாரம் போடுதேன்” என்றான்.

உப்பளங்களைத் தாண்டும்போது வண்டிக்குள் சத்தமே இல்லை. இடதுபக்கக் கண்ணாடி மட்டும் மெல்ல இறங்கியது. அவர் காலியாக இருந்த பக்கத்து இருக்கையைப் பார்த்தார். வேகத்தைக் குறைத்தார்.

“ஏளா, உப்புக்காத்து கண்ணுல அடிக்கும். ஏத்திக்கோ” என்றார்.

கண்ணாடி மெல்ல மேலே ஏறியது.