இரண்டு இடுக்கிகள்

அவள் மூடியைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

அது ஐந்தாவது அடுப்பு. கடையின் பின்பக்கம், பூச்செடிகளைத் தாண்டி, கோடைக்கென்று பாபிக்யூ அடுப்புகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். எனக்கு முதலாவதே போதுமாயிருந்தது.

அவளுக்குப் போதவில்லை.

குனிந்து உள்ளே பார்த்தாள். இரும்புக் கம்பித் தட்டு இரண்டு துண்டாக இருந்தது. நடு இடைவெளியில் விரலை வைத்து அளந்தாள்.

"இது காணும். அங்கால உங்கட கோழி. இஞ்சால எனக்கு."

இடப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள்.

பிறகு இன்னும் குனிந்து, அடியில் கொழுப்பு வடிந்து சேரும் தட்டை இழுத்துப் பார்த்தாள். அது ஒன்றுதான்.

"கீழ எல்லாம் ஒண்டாத்தானே சேருது."

"கீழ இருக்கிறதை நீர் அள்ளியே சாப்பிடப் போறீர்?"

சிரித்தாள். கடைக்காரப் பெடியன் திரும்பிப் பார்க்குமளவுக்குச் சிரித்தாள்.

எங்கள் வீட்டில் சைவச் சட்டி வேறு, மச்சச் சட்டி வேறு. மீனும் இறைச்சியும் எனக்கும் மகனுக்கும். அவளே சமைப்பாள். உப்புப் பார்க்க மட்டும் என்னைக் கூப்பிடுவாள்.

இந்த நாட்டில் இருபத்திரண்டு கோடைகள் அடுத்தவர்களின் வீட்டு வளவுகளில், அவர்களின் அடுப்பைச் சுற்றிக் கழிந்தன. ஒரே கம்பித் தட்டில் எல்லாம் வேகும். அவள் கடதாசிக் கோப்பையில் சோடாவை வைத்துக்கொண்டு மரநிழலில் இருப்பாள். பசியில்லை என்பாள். வீட்டுக்கு வந்து தயிரும் சோறும் குழைப்பாள்.

நெருப்பில் வாட்டியது அவளுக்குப் பிடிக்காது என்றே நினைத்திருந்தேன்.

கேட்டதில்லை.

கொக்கியில் இடுக்கிகள் தொங்கின. இரண்டு எடுத்தாள். இரண்டும் ஒரே மாதிரி. ஒரு கணம் யோசித்துவிட்டு, தலைமுடியிலிருந்த பட்டியைக் கழற்றினாள். கருநீலப் பட்டி. ஓர் இடுக்கியின் பிடியில் மூன்று சுற்றுச் சுற்றினாள்.

"பிறகு மாறிப்போகும்."

கார் நிறுத்துமிடத்தில் காற்று. ஒரு கையால் முடியைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். கத்தரிக்காய். சோளம். பனீர்க்கட்டி. அன்னாசி.

"அன்னாசியை ஆரும் சுடுவினமே?"

"நான் சுடுவன்."

அது சனிக்கிழமை.

வியாழக்கிழமை காலை தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தவள் தலையைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். கேத்தலை நான்தான் இறக்கி வைத்தேன்.

ஆஸ்பத்திரிக்கு இருவரும் போனோம்.

நான் திரும்பி வந்தேன்.

அடுப்பு பெட்டிக்குள்ளேயே கராஜில் நின்றது. அவளுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை வரை வீட்டில் மச்சமில்லை. அது முடிந்த பிறகும் நான் பெட்டியைப் பிரிக்கவில்லை.

ஜூலைக் கடைசியில் மகன் துவாரகன் கேட்காமலே பிரித்தான். ஒவ்வோர் ஆணியாகப் பூட்டினான். இடுக்கிகள் இரண்டையும் பக்கத்துக் கொக்கிகளில் மாட்டினான்.

அடுத்த ஞாயிறு அவளுடைய தம்பி தயாபரன் குடும்பத்தோடு வந்தான். நான் வெளியே வந்து கொஞ்சம் இருக்கவேண்டும் என்று அவனுக்கு. பெரிய பாத்திரம் நிறையக் கோழி ஊறவைத்துக் கொண்டுவந்திருந்தான்.

வலப்பக்கம் நிறைந்துவிட்டது. பாத்திரத்தில் பாதிக்கு மேல் மிச்சம்.

"அத்தான், இந்தப் பக்கம் சும்மாதானே கிடக்கு?"

கதிரையிலிருந்து எழுந்தேன்.

அதற்குள் அவன் ஒரு துண்டைக் கையில் எடுத்துவிட்டான். மற்றக் கையால் கொக்கியில் தடவி, அகப்பட்ட இடுக்கியை எடுத்தான்.

பிடியில் ஏதோ தட்டுப்பட்டது. பார்த்தான்.

அவனும் இரண்டு சட்டி வைத்த வீட்டில் வளர்ந்தவன்தான்.

துண்டைப் பாத்திரத்திலேயே போட்டான். இடுக்கியை மறுபடி மாட்டினான். பிடியில் தன் விரல் பட்ட இடத்தைச் சட்டையால் துடைத்தானா, கண்ணைத்தான் துடைத்தானா, புகையில் தெரியவில்லை.

மற்ற இடுக்கியை எடுத்தான்.

கோழி வலப்பக்கத்திலேயே மூன்று தரமாக வெந்தது. பிள்ளைகள் பசிக்குது, பசிக்குது என்று சுற்றிச் சுற்றி வந்தார்கள். "கொஞ்சம் பொறுங்கோடா" என்று அதட்டினானே தவிர, தயாபரன் இடப்பக்கம் திரும்பவில்லை.

அவர்கள் போகும்போது இன்னும் வெயில் இருந்தது.

நான் கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவினேன். அன்னாசியை வட்டமாக வெட்டுவதா, நீளமாக வெட்டுவதா என்று தெரியவில்லை. வட்டமாக வெட்டினேன். இடப்பக்கத்தைப் பற்றவைத்தேன்.

எவ்வளவு நேரம் என்று அவள் சொல்லியிருக்கவில்லை.

ஒரு பக்கம் கருகிவிட்டது. மறுபக்கம் இனித்தது.

இது நாலாவது கோடை. வலப்பக்கத் தட்டு துருப்பிடித்துப் புதிது மாற்றியாயிற்று. துவாரகன் வேறு ஊருக்குப் போய்விட்டான். அன்னாசி இப்போது எனக்குக் கருகுவதில்லை.

இடுக்கியில் அந்தப் பட்டி இருக்கிறது.

மூன்று சுற்று.